பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும்: எந்த இடத்துக்கு எந்த சீலன்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர்பாக்ஸை இறக்கி, பேரிங்கும் சிங்க்ரோ வளையமும் மாற்றி, திரும்பப் பூட்டும் நேரத்தில், எண்ணெய் கசியாமல் இணைப்புகளில் பூசும் சீலன்டைப் பற்றிச் சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு அதிகமாக ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் சேசிஸ், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எல்லாம் அதே ட்ரையம்ஃபின் ஹெரால்டு கார் வழி வந்தவை. அந்த ஹெரால்டை 1961 முதல் இங்கேயே, வண்டலூர் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்தது. அந்த டிஃபரன்ஷியலைத் திறந்து பழகிய கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன.

"எல்லாத்துக்கும் ஒரே ட்யூப் போதும் சார்" என்கிறார் மெக்கானிக். விட்டுவிடலாமா?

வேண்டாம். கியர்பாக்ஸ் ஒன்றிலேயே நாலைந்து விதமான இணைப்புகள் இருக்கின்றன. சில இடத்தில் இரும்பும் இரும்பும் நேராக உட்காரும். சில இடத்தில் நடுவே பேப்பர் பேக்கிங் (கேஸ்கெட்) இருக்கும். தகட்டு மூடி இருக்கும் இடமும் உண்டு, போல்ட் துளை நேரே எண்ணெய்க்குள் திறக்கும் இடமும் உண்டு. ஒவ்வொன்றிலும் இடைவெளி எவ்வளவு, சூடேறினால் இரண்டு பக்கமும் ஒன்றாக விரியுமா, உள்ளே என்ன எண்ணெய், அடுத்த முறை கழற்ற வேண்டி வருமா என்று பார்த்துத்தான் சீலன்ட் எடுக்க வேண்டும். ஒரே ட்யூபை எல்லா இடத்திலும் பிதுக்கினால் இரண்டு இடம் நன்றாக இருக்கும், மூன்றாவது இடம் கெடும்.

கடையில் போய் என்னென்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் முதலில் நீட்டுவது சிலிக்கான் ட்யூப். ஆர்.டி.வி. என்பார்கள், பட்டறைகளில் பொதுவாக "அனபாண்ட்" என்றே சொல்வார்கள். அனபாண்ட் சென்னை நிறுவனம். அதன் 666 எங்கும் கிடைப்பதால் பெயரே பொருளுக்கு ஆகிவிட்டது. இந்த வகை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகும்.

இரண்டாவது, அனேரோபிக் வகை. லாக்டைட் 518, 515, 510 எல்லாம் இதில் சேரும். அனபாண்டிலும் அனேரோபிக் வகைகள் உண்டு. இது காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே காற்றில்லாமல் அடைபட்டதும் இறுகும். புது பாட்டிலைக் கையில் எடுத்தால் பாதிதான் நிரம்பியிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, மேலே உள்ள காற்றுதான் அதைக் கெடாமல் வைத்திருக்கிறது.

மூன்றாவது, இறுகவே இறுகாத வகை. ஹைலோமார் நீலம் இதில் பெயர் பெற்றது; ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சின் வேலைக்காக உருவானது. எத்தனை வருடமானாலும் பிசுபிசுவென்றே இருக்கும், கழற்றும்போது முகம் சேதமாகாது.

பழைய மெக்கானிக்குகள் கேட்கும் ஷெல்லாக் நான்காவது. காய்ந்தால் கெட்டியாகி நொறுங்கும். அடிக்கடி திறக்காத பேப்பர் பேக்கிங்குக்கு அந்தக் காலத்தில் சரியாக இருந்தது. இன்று ஹைலோமார் கிடைக்கும்போது அதை எடுக்கக் காரணம் இல்லை.

அனேரோபிக்கை எங்கே போடலாம்?

இரண்டு பக்கமும் மெஷினிங் செய்த, வளையாத, தடித்த உலோகமாக இருக்க வேண்டும். இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேக்கிங்கே இல்லாமல் பாதி பாதியாகச் சேரும் கியர்பாக்ஸ் கேஸ்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பிதுங்கி உள்ளே போகும் மிச்சம் காற்றோடு இருப்பதால் இறுகாது. எண்ணெயோடு கலந்து கரைந்துவிடும், எதையும் அடைக்காது. கியர்பாக்ஸுக்குள் இந்தக் குணம் பெரிய பாதுகாப்பு.

அலுமினியத்தில் இரும்பை விட மெதுவாகத்தான் இறுகும். அவசரமென்றால் அதற்கென்று விற்கும் ஆக்டிவேட்டரை ஒரு முகத்தில் அடித்துக்கொள்ளலாம். அவசரமில்லையென்றால் ஒரு இரவு விட்டாலே போதும்.

தகட்டு மூடிக்கு இதைப் போடாதீர்கள். போல்டுக்கும் போல்டுக்கும் நடுவே தகடு வளைந்திருக்கும், அந்த இடைவெளியை இது நிரப்பாது. பெயின்ட் அடித்த முகத்திலும் வேலை செய்யாது, அதற்கு வெறும் உலோகம் தொட வேண்டும். ரெஸ்டோரேஷன் செய்பவர்கள் கேஸைப் பவுடர் கோட்டிங் கொடுத்து அழகாக வாங்கி வருகிறார்கள். கொடுக்கும் முன்பே இணையும் முகங்களிலும் போல்ட் தலை உட்காரும் இடங்களிலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பெயின்ட்டின் மேல் முறுக்கிய போல்ட், பெயின்ட் நசுங்கியதும் தளர்ந்துவிடும்.

பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) அலுமினியம், கியர்பாக்ஸ் வார்ப்பிரும்பு. இந்த இணைப்புக்கு?

அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 30 செ.மீ. நீளமுள்ள முகம் 70 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவு வித்தியாசம் வரும். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அந்த இணைப்பு நூலளவு நகர்ந்து திரும்புகிறது. கெட்டியாக இறுகும் பொருள் அங்கே நாளடைவில் வெடிக்கும். பேப்பர் பேக்கிங் கொடுத்திருந்தால் பேக்கிங்கும் ஹைலோமாரும். பேக்கிங் இல்லாத டிசைன் என்றால் எண்ணெய் தாங்கும் சிலிக்கான், மெல்லிய கோடாக.

பேப்பர் பேக்கிங் இருக்கிறதே, அதன் மேலும் சீலன்ட் தேவையா?

முகம் இரண்டும் தட்டையாக, கீறல் இல்லாமல் இருந்தால் வெறும் பேக்கிங்கை ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்தாலே போதும். ஐம்பது வருடக் காரில் அப்படி முகம் கிடைப்பது அபூர்வம். யாரோ ஒருவர் என்றைக்கோ ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பிய தழும்பு இருக்கத்தான் செய்யும். ஆகவே ஹைலோமாரை இரண்டு பக்கமும் தடவி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பூட்டுங்கள். அளவு, தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல: பளபளப்புத் தெரிய வேண்டும், குளம் கட்டக் கூடாது.

பேப்பரின் மேல் சிலிக்கானைப் போடுவதுதான் இங்கே சகஜமாக நடக்கும் தவறு. ஈரச் சிலிக்கான் வழுக்கும். போல்டை முறுக்க முறுக்கப் பேப்பர் பக்கவாட்டில் நழுவும், போல்ட் துளையைச் சுற்றிக் கிழிந்து பிதுங்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு மாதம் கழித்து அந்தத் துளைக்குக் கீழே சொட்டும்.

பேக்கிங் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு வெறும் சீலன்ட் போட்டு மூடலாமா?

கையை வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அந்தப் பேக்கிங் எண்ணெயை மட்டும் தடுக்கிறதா, பேரிங்கின் இடத்தையும் நிர்ணயிக்கிறதா?

பழைய பிரிட்டிஷ் கியர்பாக்ஸ்களிலும் டிஃபரன்ஷியல்களிலும் பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிக்கு அடியில் உள்ள பேக்கிங்கின் தடிமனையும் கணக்கில் சேர்த்துத்தான் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்திருப்பார்கள். கால் மி.மீ. பேப்பரை எடுத்துவிட்டு ஒன்றும் மிச்சமில்லாத அளவு மெல்லிய அனேரோபிக் போட்டால் மூடி கால் மி.மீ. உள்ளே போகும். டேப்பர் ரோலர் பேரிங் என்றால் பிரீலோடு (பூட்டும்போதே பேரிங் மேல் வைக்கும் அழுத்தம்) எகிறும், சில நூறு கிலோமீட்டரில் பேரிங் நீலம் பாய்ந்துவிடும். எதிர்ப் பக்கமும் ஆபத்துதான். கைக்குக் கிடைத்த தடித்த ஷீட்டில் பேக்கிங் வெட்டி வைத்தால் பேரிங் தளர்ந்து, டிஃபரன்ஷியலின் பெரிய, சிறிய பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் தொடும் இடம் மாறி, காரோடு ஒரு ஊளைச் சத்தம் ஒட்டிக்கொள்ளும். அதை எந்த சீலன்டும் சரி செய்யாது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டிக் குப்பையில் போடும் முன் நல்ல நிலையில் உள்ள ஒரு துண்டை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே தடிமனில் ஆயில் பேப்பர் ஷீட் வாங்கி வீட்டிலேயே வெட்டலாம். ஷீட்டை முகத்தின் மேல் வைத்து, ஓரத்தைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் வடிவம் தானே பதியும். போல்ட் துளைக்கு ஹாலோ பஞ்ச். ஒரு மேல் மூடிக்கான பேக்கிங்கை அரை மணியில் வெட்டிவிடலாம். லண்டனிலிருந்து பார்சல் வரும்வரை கார் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதில்லை.

பக்கவாட்டு மூடி, மேல் மூடி, வடிகால் தட்டு போன்றவை பேரிங்கைத் தொடுவதில்லை. அங்கே பேக்கிங்குக்குப் பதில் சீலன்ட் போட்டால் தப்பில்லை. ஆனால் மேல் மூடியில் கியரை நகர்த்தும் ஃபோர்க்குகள் தொங்கினால், பேக்கிங் தடிமன் போனால் அவற்றின் இடமும் மாறுமே என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு சிலிக்கான் போட வேண்டும்?

இரண்டு மி.மீ. அகலக் கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக, எங்கும் விடாமல். அவ்வளவுதான். வெளியே அழகாகப் பிதுங்கி வந்தால் "நல்லா அடைச்சிருக்கு" என்று திருப்திப்படுகிறார்கள். வெளியே எவ்வளவு வந்ததோ அதே அளவு உள்ளேயும் போயிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு மூடியைத் திறந்தால் உள் ஓரம் நெடுக ரப்பர்ப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டாலே பாதி உரிந்து வரும். மீதி ஏற்கெனவே உரிந்து எண்ணெயோடு போயிருக்கும். சாதாரண கியர்பாக்ஸில் அது அடியில் கிடந்து காலம் கழிக்கலாம். எம்.ஜி.பி.யிலும் ஸ்பிட்ஃபயரிலும் லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸின் பின்னால் மாட்டும் கூடுதல் உயர் கியர்) இருந்தால் நிலைமையே வேறு. அதற்குள் சின்னப் பம்ப், குண்டு வால்வு, வலை ஃபில்டர், ஊசி நுழையும் அளவுத் துளைகள். ஒரு சிலிக்கான் துணுக்கு வால்வு இருக்கையில் போய் உட்கார்ந்தால் அழுத்தம் ஏறாது, ஓவர்டிரைவ் விழாது. சொலினாய்டு போய்விட்டதென்று அதை மாற்றுவார்கள், ஒன்றும் ஆகாது. ஓவர்டிரைவ் பக்கம் சிலிக்கான் ட்யூபைக் கொண்டே போகக் கூடாது என்பதுதான் என் கட்சி. அங்கே பேக்கிங், ஹைலோமார், இரண்டே இரண்டு.

புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானும் சிலிக்கான்தானே?

பாத்ரூம் டைல்ஸ் ஓரத்துக்கு ஹார்டுவேர் கடையில் விற்பது அது. இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், வினிகர் நாற்றம் அதனால்தான். இரும்பையும் செம்பையும் அரிக்கும், கியர் ஆயிலையும் தாங்காது. வண்டிக்கு வேண்டாம்.

நிறத்தை நம்பியும் வாங்காதீர்கள். கறுப்பு எண்ணெய்க்கு, சிவப்பு சூட்டுக்கு, சாம்பல் கெட்டியான இணைப்புக்கு என்று ஒரு வழக்கம் இருந்தாலும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ட்யூபின் பின்னால் கியர் ஆயில் தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கியர் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி இல்லையா?

டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியனின் ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுந்தும். அதைத் தாங்க ஜி.எல்-5 தரக் கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். எஞ்சின் சம்பில் வருடக்கணக்கில் நிற்கும் சாதாரண சிலிக்கான் சில, இந்த எண்ணெயில் ஊறி மிருதுவாகி, இணைப்பிலிருந்து தளர்ந்துவிடும். டிஃபரன்ஷியலுக்குத் தனியாகக் கியர் ஆயில் சிலிக்கான் வாங்குவது இதனால்தான். ஹெரால்டு குடும்ப டிஃபரன்ஷியலில் முன்பாதியும் பின்பாதியும் பேக்கிங் வைத்துச் சேர்வதால் அங்கே சிலிக்கானுக்கே வேலையில்லை.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு, கார் தயாரித்தவர் வேறு சொல்லியிருந்தாலொழிய, ஜி.எல்-4 ஊற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜி.எல்-5 கேனில் மிச்சம் இருக்கிறதே என்று அதிலும் ஊற்றிவிடாதீர்கள்.

சென்னை வெக்கையும் ஈரமும் சீலன்டைப் பாதிக்குமா?

சிலிக்கானை நிச்சயம் பாதிக்கும். ஈரத்தில் இறுகும் பொருள் என்பதால் நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே மேலே தோல் கட்டிவிடும். தோல் கட்டிய பிறகு மூடியை வைத்தால் பிடிக்காது. ஆகவே கோடு போடும் முன்பே போல்ட், வாஷர், டார்க் ரெஞ்ச் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தை முடித்த பிறகே அடுத்த முகம். மின்விசிறிக்கு நேரே வைத்துப் போடவும் வேண்டாம், ஈரத்தோடு தூசியையும் கொண்டுவரும்.

மேலே சீக்கிரம் காய்கிறதே என்று உள்ளேயும் காய்ந்துவிட்டதாக எண்ணி எண்ணெய் ஊற்றிவிடக் கூடாது. ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ. என்ற கணக்கில்தான் இறுகும். 24 மணி நேரம் விடுங்கள்.

திறந்த ட்யூபைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய கார் அடுப்புதான். வீட்டுக்குள் நிழலில் வைத்து, காலாவதித் தேதியைப் பார்த்து எடுங்கள்.

முகத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

பொறுமையாக. கிரைண்டரில் எமரி டிஸ்க்கோ பஞ்சு டிஸ்க்கோ மாட்டி ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார்கள். அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் எமரித் தூள் பேரிங்குக்குள் போகும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி போதும். காய்ந்த ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் நனைத்த துணியை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் கரையும்.

பெட்ரோல் போட்டுத் துடைப்பது முதல் கட்டத்துக்குச் சரி, ஆனால் அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். கடைசித் துடைப்பு அசிட்டோன் அல்லது பிரேக் கிளீனரில், நூல் உதிராத வெள்ளைத் துணியில். துணி அழுக்காகாமல் வரும்வரை. காட்டன் வேஸ்டை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள், ஒரு நூல் மாட்டினாலே கசிய வழி கிடைத்துவிடும்.

நேர் விளிம்பும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு எங்கேயாவது நுழைந்தால், சிறிய மூடி என்றால் தடித்த கண்ணாடி மேல் எமரி ஷீட் ஒட்டி எட்டுப் போடுவது மாதிரி தேய்த்து எடுக்கலாம். கேஸ் என்றால் நல்ல மெஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களில் இதைக் கவனமாகச் செய்பவர்கள் உண்டு. பேரிங் மூடியாக இருந்தால் தேய்த்த அளவையும் ஷிம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போல்ட், வடிகால் பிளக், ஆயில் சீல்: இவற்றுக்கு?

துளை எண்ணெய்க்குள் திறக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த போல்டின் மரையில் திரெட் சீலன்ட் வேண்டும். முகத்தை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் மரை வழியே எண்ணெய் ஏறி போல்ட் தலையில் வரும். கிரவுன் வீல் போல்டுகளுக்குப் பலமான திரெட்லாக்கர். வடிகால் பிளக்குக்குப் புதுச் செம்பு வாஷர். டேப்பர் பிளக்காக இருந்தால் கொஞ்சம் பைப் சீலன்ட். டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் நார்கள் உள்ளே விழும். அலுமினியக் கேஸில் டேப்பர் பிளக்கை வெறியோடு முறுக்கினால் கேஸ் விரிசல் விடும்.

ஓ-ரிங் உள்ள இடத்தில் எதுவும் வேண்டாம், எண்ணெய் மட்டும்.

ஆயில் சீலின் வெளிப்பக்கம் ரப்பர் என்றால் அப்படியே அடிக்கலாம். வெறும் இரும்புக் கூடு என்றால் வெளி வட்டத்தில் மெல்லிய பூச்சு. ஷாஃப்டைத் தொடும் ரப்பர் உதட்டில் எண்ணெய் தடவாமல் பூட்டினால் முதல் சுற்றிலேயே கருகும். ஷாஃப்டில் சீல் ஓடிய பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது, ஸ்லீவ் போட வேண்டும்.

பினியன் சீல் தனிக் கதை. புதுச் சீல் போட்ட பிறகும் நடுவிலிருந்து எண்ணெய் வந்தால், அது பெரும்பாலும் பினியன் முனையில் மாட்டும் ஃபிளாஞ்சின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பல்வரி) வழியே வருகிறது. நட்டுக்கு அடியில், ஸ்ப்ளைன் முனையில் ஹைலோமார் தொட்டு வையுங்கள். ஆனால் அந்த நட்டைத் தொடும் முன் உள்ளே நசுங்கும் ஸ்பேசரா, கெட்டி ஷிம்மா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நசுங்கும் ஸ்பேசர் என்றால் நட்டின் நிலையை ஷாஃப்டோடு சேர்த்துக் கோடு போட்டு, திருகுவிசையை அளந்து குறித்த பிறகே கழற்றணும். இம்பாக்ட் கன்னில் இறுக்கினால் பினியன் பேரிங் நிச்சயமாகப் போய்விடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கசிகிறதே?

பிரீதரைப் பாருங்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டின் தலையிலும் காற்றுப் போக ஒரு சின்னத் துளையோ மூடியோ இருக்கும். டிஃபரன்ஷியல் மேலே ஐம்பது வருட அழுக்கும் அண்டர்கோட்டிங்கும் அப்பியிருப்பதால் கண்ணுக்கே தெரியாது. அது அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சில லேப் ஓட்டியதும் மட்டும் கசியும், வீட்டில் நின்றால் கசியாது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். எண்ணெய் மட்டம் அதிகமாக ஊற்றியிருந்தாலும் இதே கதை.

மழைக்காலத்தில் தலைகீழாக நடக்கும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற கார் எதை வாங்கினாலும் முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கில் துரு இருக்கும், திறந்தே ஆக வேண்டும்.

கசியும் இடத்தில் வெளியே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் நிற்காதா?

நிற்காது. எண்ணெய் ஊறிய உலோகத்தில் எதுவும் பிடிக்காது, உள்ளிருந்து வரும் அழுத்தம் பூச்சைத் தள்ளிவிடும். முதலில் அந்தப் பகுதியை முழுக்கக் கழுவிக் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவி, ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் படுத்துப் பாருங்கள். எண்ணெய் புறப்படும் இடம் பவுடரில் கோடாகத் தெரியும். பல நேரம் அது நீங்கள் சந்தேகப்பட்ட இணைப்பாக இருக்காது. மேலே ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்திலிருந்து வழிந்து வந்து கீழே சொட்டும். அதற்கு ஒரு சின்ன ஓ-ரிங்கோ சீலோ மாற்றினால் போதும், கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதில்லை.